மார்பகப் புற்றுநோய்: ரேடியேஷனுக்கும் மறுசீரமைப்பு ஆபரேஷனுக்கும் நடுவில் இன்சூரன்ஸ் அறுந்துவிடக் கூடாது



ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஜூலை மாசம். ஐ.டி. ரிட்டர்ன் சீசன். என் ஆபீஸில் உட்கார இடமில்லாத நேரம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அக்கா ஒருத்தர் வந்தார். வயது 44. வருஷா வருஷம் நம்மிடம்தான் ரிட்டர்ன் போடுவார். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, கடைசியில் மெதுவாகக் கேட்டார்.

"மேடம், வேலையை விட்டுட்டா பி.எஃப். முழுசா எடுத்துக்கலாமா? டாக்ஸ் பிடிப்பாங்களா?"

கேள்விக்குப் பதில் சுலபம். 11 வருஷ சர்வீஸ். 5 வருஷத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் பி.எஃப். பணத்துக்கு வரி கிடையாது. ஆனால் ஏன் வேலையை விடுகிறார்? அதைக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. இடது பக்கம் மார்பகப் புற்றுநோய். மார்பகத்தை எடுத்துவிட்டார்கள். கீமோ முடிந்தது, ரேடியேஷனும் போன வாரம்தான் முடிந்தது. மறுசீரமைப்பு ஆபரேஷன் பண்ணிக்கொள்ள ஆசை. "ரேடியேஷன் கொடுத்த தோல் ஆறணும். ஒரு பத்து மாசம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பத்து மாசம் சும்மா இருக்கப் போகிறோம், உடம்பும் முடியவில்லை, வேலையை விட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு.

நான் கேட்ட ஒரே கேள்வி: "அக்கா, அந்த ஆபரேஷன் செலவு யாரு கட்டப் போறாங்க?"

"கம்பெனி இன்சூரன்ஸ்தான் இருக்கே மேடம்."

வேலையை விட்டால் கம்பெனி இன்சூரன்ஸும் போய்விடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு இடைவெளியைப் பற்றித்தான். ரேடியேஷன் முடிந்து மறுசீரமைப்பு வரும் வரையான மாதங்களில் நிறைய குடும்பங்கள் தெரியாமலேயே காப்பை இழக்கின்றன.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் கிடையாது. எந்த ஆபரேஷன், எப்போது என்பதை உங்கள் புற்றுநோய் சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் ரேடியேஷன் டாக்டரும் சேர்ந்து முடிவு பண்ண வேண்டும். அவர்கள் சொல்லும் வரிசைக்கு ஏற்பப் பணத்தை எப்படி அடுக்குவது என்பதுதான் என் வேலை.

ரேடியேஷனும் மறுசீரமைப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை?

மருத்துவப் பக்கம் கொஞ்சம் புரிந்தால்தான் பணக் கணக்கு புரியும்.

கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காப்பாற்றும் ஆபரேஷன் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் ரேடியேஷன் உண்டு. ஆனால் அவர்களில் பலருக்கு மறுசீரமைப்பு தேவைப்படாது. முழு மார்பகத்தையும் எடுத்தவர்களில், கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, அக்குளில் 4 அல்லது அதற்கு மேல் நிணநீர் முடிச்சுகளில் நோய் பரவியிருந்தாலோ வழக்கமாக ரேடியேஷன் கொடுப்பார்கள். ஒன்று முதல் மூன்று முடிச்சு என்றாலும் பலருக்குப் பரிந்துரைப்பார்கள்.

ரேடியேஷன் மிச்சமிருக்கும் புற்றுச் செல்லை அழிக்கிறது. கூடவே அந்த இடத்துத் தோலும் தசையும் இறுகி, நெகிழ்வு குறைந்து, சின்ன ரத்தக் குழாய்களும் பாதிக்கப்படுகின்றன. மறுசீரமைப்புக்கு வேண்டியதோ நெகிழ்வான தோலும் நல்ல ரத்த ஓட்டமும். மோதல் இங்கேதான்.

மறுசீரமைப்பில் பொதுவாக ரெண்டு வகை:

1. இம்ப்ளான்ட்: சிலிகான் பை வைப்பது. பல நேரம் முதலில் எக்ஸ்பாண்டர் வைத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து, பிறகு இன்னொரு ஆபரேஷனில் நிரந்தர இம்ப்ளான்ட் வைப்பார்கள்.
2. சொந்தத் திசு: வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ தோலும் கொழுப்பும் எடுத்து வைப்பது. ஆபரேஷன் நேரம் அதிகம், ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளும் அதிகம், முதல் பில்லும் பெரிது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மையங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2018-இல் வெளியானது. ரேடியேஷன் எடுத்த பெண்களில், 2 வருஷத்துக்குள் ஏதாவது ஒரு சிக்கல் வந்தது இம்ப்ளான்ட் வைத்தவர்களில் 100-க்குச் சுமார் 39 பேருக்கு. சொந்தத் திசு வைத்தவர்களில் சுமார் 26 பேருக்கு. மறுசீரமைப்பே தோற்றுப்போனது இம்ப்ளான்ட்டில் சுமார் 19 பேருக்கு, சொந்தத் திசுவில் ஒருவருக்கு மட்டும்.

ஆடிட்டர் கண்ணால் இதைப் பாருங்கள். முதல் நாள் பில்லில் மலிவாகத் தெரியும் ஆபரேஷன், ரேடியேஷனும் சேர்ந்தால் இன்னொரு அட்மிஷன், இன்னொரு லீவு, இன்னொரு பில் கொண்டுவரும் வாய்ப்பு அதிகம். அதனால் "எது சீப்?" என்று ஒரு எஸ்டிமேட்டை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீர்கள். "எனக்கு ரேடியேஷன் உண்டா? அப்படின்னா 2 வருஷத்தில் மொத்தம் எத்தனை ஆபரேஷன் வரலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள்.

வரிசை மாறினால் பில் வரும் வருஷமும் மாறும்

டாக்டர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைச் சொல்வார்கள்.

வழி 1: உடனே. மார்பகத்தை எடுக்கும் அதே ஆபரேஷனில் மறுசீரமைப்பும், பிறகு ரேடியேஷனும். ஒரே மயக்க மருந்து, ஒரே அட்மிஷன். ஆனால் கீமோ, ஆபரேஷன், மறுசீரமைப்பு எல்லாம் ஒரே பாலிசி வருஷத்தில் விழுந்தால் 5 லட்சம் காப்பீட்டுத் தொகை கரைந்துபோகலாம்.

வழி 2: எக்ஸ்பாண்டரோடு காத்திருப்பது. முதல் ஆபரேஷனில் எக்ஸ்பாண்டர், பிறகு ரேடியேஷன், அப்புறம் அதை எடுத்துவிட்டு நிரந்தர இம்ப்ளான்ட் அல்லது சொந்தத் திசு. குறைந்தது ரெண்டு அட்மிஷன். ரெண்டாவது கட்டாயம் வரும் என்று முதல் நாளே தெரியும்.

வழி 3: தள்ளி வைப்பது. முதலில் மார்பகம் எடுத்து, ரேடியேஷன் முடித்து, பொதுவாக 6 முதல் 12 மாதம் தோல் ஆறவிட்டு, பிறகு மறுசீரமைப்பு. நம் அக்காவுக்குச் சொன்னது இதுதான்.

மூன்றாவது வழியின் காலக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீமோ 4 முதல் 6 மாதம். ஆபரேஷனும் ஆறுவதும் ஒன்றரை மாதம். ரேடியேஷன் 3 முதல் 5 வாரம். இடைவெளி 6 முதல் 12 மாதம். கூட்டினால், நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து ஒரு வருஷம் முதல் ஒன்றே முக்கால் வருஷம் கழித்துத்தான் மறுசீரமைப்பு. அதன்பின் முலைக்காம்பு அமைப்பது, கொழுப்பு வைத்துச் சரிசெய்வது என்று சின்னச் சின்ன ஆபரேஷன்களும் வரலாம். ஆக, உங்கள் பாலிசி குறைந்தது ரெண்டு ரின்யூவலைத் தாண்டி உயிரோடு இருக்க வேண்டும்.

இதில் ஒரு நல்லதும் இருக்கு. ரின்யூவல் ஆனால் காப்பீட்டுத் தொகை புதுசாக ஆரம்பிக்கும். போன வருஷம் கீமோவுக்கும் ஆபரேஷனுக்கும் 5 லட்சமும் தீர்ந்திருந்தாலும், மறுசீரமைப்புக்குப் புது 5 லட்சம். டாக்டர் "மார்ச்சோ மேயோ, எப்ப வேணா பண்ணலாம்" என்று சொன்னால், உங்கள் ரின்யூவல் தேதியைப் பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். ஆனால் பணத்துக்காக ரேடியேஷனைத் தள்ளிப்போடவே கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது. தள்ளிவைக்க முடிந்தது மறுசீரமைப்பு மட்டும்தான்.

ரேடியேஷன் எத்தனை நாள்? சம்பளத்தையும் சேர்த்துக் கணக்கு போடுங்க

முன்பெல்லாம் 25 தடவை, வாரம் 5 நாள், மொத்தம் 5 வாரம் என்பதுதான் வழக்கம். பிரிட்டனில் நடந்த ஸ்டார்ட் ஆய்வுகளுக்குப் பிறகு பல இடங்களில் 15 அல்லது 16 தடவையாக, 3 வாரத்தில் முடிக்கிறார்கள். மறுசீரமைப்பு செய்தவர்களுக்கு இந்தக் குறைந்த நாள் முறை சரிவருமா என்ற சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. உடனடியாக இம்ப்ளான்ட் வகை மறுசீரமைப்பு செய்த 400 பெண்களைச் சேர்த்து அமெரிக்காவில் நடந்த ஃபேப்ரெக் ஆய்வு 2024-இல் வெளியானது. பக்கவிளைவில் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பளமில்லா லீவு எடுத்த பெண்களைப் பார்த்தால், குறைந்த நாள் குழுவினர் இழந்த வேலை நேரம் குறைவு.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு யூனிட் ரயிலில் போய்வரும் ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை. போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், கூட வருபவர் ஒருத்தர். 25 நாளுக்குப் பதில் 15 நாள் என்றால் 10 நாள் சம்பளம் மிச்சம். கூட வருபவரும் தினக்கூலி என்றால் 20 நாள் கூலி. "எனக்கு மூணு வார முறை பொருந்துமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பொருந்தாது என்றால் அதற்குக் காரணம் இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரேடியேஷனுக்கு அட்மிஷன் தேவையில்லை, டே-கேர் சிகிச்சையாக இன்சூரன்ஸில் வரும். ஒவ்வொரு நாளும் தனித்தனியாக அலையாமல், முழு கோர்ஸுக்கும் ஒரே கேஷ்லெஸ் ஒப்புதல் வாங்கித் தரச் சொல்லி ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் டெஸ்க்கில் கேளுங்கள்.

"இது காஸ்மெடிக், கிளெய்ம் கிடையாது" என்றால்?

இப்போது நம் அக்கா கதைக்கு வருவோம். அவர் வேலையை விடவில்லை. சிக் லீவு தீர்ந்த பிறகு சம்பளமில்லா லீவு போட்டார். "லீவில் இருக்கும் காலத்திலும் குரூப் இன்சூரன்ஸ் பட்டியலில் என் பெயர் தொடரும்" என்று ஹெச்.ஆர். இடம் ஈமெயிலில் உறுதி வாங்கினோம். கைச்செலவுக்கு பி.எஃப்.பில் நோய்க்கான அட்வான்ஸ் போட்டார். அதற்கு வேலையை விட வேண்டிய அவசியமே இல்லை. நாலு மாசத்தில் திரும்ப வேலைக்கும் போய்விட்டார்.

அடுத்த வருஷம் மே மாசம், மறுசீரமைப்புக்கு ஆஸ்பத்திரி கேஷ்லெஸ் கேட்டது. பதில் வந்தது: "காஸ்மெடிக் சிகிச்சை. அனுமதி இல்லை."

அக்கா போனில் அழுதார். "மேடம், அழகுக்கா நான் பண்ணிக்கிறேன்? ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறேன். ரயில்ல கூட்டத்துல யாராவது இடிச்சா கை தானா அங்க போகுது." வீட்டிலேயே சிலர் "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டிருந்தார்கள். இப்போது இன்சூரன்ஸ்காரர்களும் அதையே சொன்ன மாதிரி அவருக்கு ஆகிவிட்டது.

பாலிசி ஆவணத்தை எடுத்து, விலக்குகள் பகுதியில் 8-ஆம் எண்ணைப் பாருங்கள் என்றேன். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ., 2019 செப்டம்பரில் ஹெல்த் பாலிசி விலக்குகளின் வாசகத்தை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரி ஆக்கியது. அதில் 8-வது விலக்கு காஸ்மெடிக், பிளாஸ்டிக் சர்ஜரி பற்றியது. தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே வரியில் விதிவிலக்கும் தருகிறது: விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகான மறுசீரமைப்பு. சிகிச்சை தரும் டாக்டரின் சான்று வேண்டும் என்றும் அங்கே இருக்கிறது.

அப்புறம் ஏன் மறுத்தார்கள்? ஆஸ்பத்திரி அனுப்பிய படிவத்தில் "மார்பக இம்ப்ளான்ட் மற்றும் திசு மாற்றம்" என்று மட்டும் இருந்தது. புற்றுநோய் என்ற வார்த்தையே இல்லை! மார்பகம் எடுத்துப் பல மாசம் கழித்து வரும் கோரிக்கை என்பதால், டி.பி.ஏ.வில் பார்த்தவருக்கு அது அழகு ஆபரேஷன் மாதிரி தெரிந்திருக்கிறது.

சர்ஜனிடம் புதுக் கடிதம் வாங்கினோம். அதில் ஐந்து விஷயம் இருக்கும்படி கேட்டுக்கொண்டோம்:

- புற்றுநோய் உறுதியான தேதியும் பயாப்சி அறிக்கை எண்ணும்
- மார்பகம் அகற்றிய ஆபரேஷன் தேதி
- ரேடியேஷன் தொடங்கிய தேதி, முடிந்த தேதி
- ரேடியேஷன் பெற்ற திசு ஆறுவதற்காக டாக்டர் ஆலோசனையின்படியே மறுசீரமைப்பு தள்ளிவைக்கப்பட்டது என்ற வரி
- இது புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்பு, மருத்துவரீதியாக அவசியமானது என்ற சான்று

நாலாவது வரிதான் முக்கியம். "ஏன் இவ்வளவு லேட்?" என்ற கேள்விக்கு ரேடியேஷனே பதில். கூடவே பாலிசியின் 8-வது விலக்கு இருக்கும் பக்கத்தின் நகலையும் வைத்தோம். மூன்றாம் நாள் ஒப்புதல் வந்தது.

உங்களுக்கு வரவில்லை என்றால் அடுத்த படிகள்: இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கு சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

எல்லாமே கிடைத்ததா? இல்லை. ஆபரேஷனுக்கு முன் அவர் வாங்கிய வெளிப்புறச் செயற்கை மார்பகத்துக்கும் அதற்கான உள்ளாடைக்கும் பணம் வரவில்லை. உடலுக்குள் பொருத்தாத சாதனங்களைப் பல பாலிசிகள் கொடுப்பதில்லை. ரூம் வாடகை வரம்பைத் தாண்டி ரூம் எடுத்ததால் அந்த விகிதத்தில் டாக்டர் ஃபீஸிலும் கொஞ்சம் வெட்டினார்கள். இன்னொரு பக்க மார்பகத்தைச் சமமாக்க ஆபரேஷன் சொன்னால், அதற்கும் சேர்த்து ஒப்புதல் இருக்கிறதா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தகராறு வரும் இடம் அது.

உங்கள் கையில் எந்தக் காப்பு இருக்கிறது?

1. கம்பெனி குரூப் பாலிசி. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் இல்லாமல் கொடுப்பதுதான் பெரும்பாலான குரூப் பாலிசிகளின் பெரிய பலம். வேலை போனால் அதுவும் போகும். வேலையை விட்டே ஆகவேண்டும் என்றால், கடைசி நாளுக்கு முன்பே அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் பரிசீலனைக்கு உட்பட்டது. ஆனால் ஏற்றால் நீங்கள் கடந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும்.

2. சொந்த பாலிசி. கிளெய்ம் வாங்கினீர்கள் என்பதற்காக ரின்யூவலை மறுக்க முடியாது. உங்கள் கிளெய்மைக் காட்டி உங்களுக்கு மட்டும் பிரீமியம் ஏற்றவும் கூடாது. ஆனால் பிரீமியத்தை நீங்கள் தவறவிட்டால் யாரும் காப்பாற்ற முடியாது. வருஷ பிரீமியத்துக்கு 30 நாள் கிரேஸ் உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி பிழைக்கும், ஆனால் அந்த இடைப்பட்ட நாளில் காப்பு இருக்காது. நோய் வந்தபின் புதுசாக பாலிசி கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் பழைய நோய்க்கு 3 வருஷம் வரை காத்திருப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை, அந்த மிச்சத்தையாவது ரின்யூவலுக்கு ஒதுக்குங்கள்.

3. இ.எஸ்.ஐ. நம்ம ஏரியாவில் அதிகம் பேருக்கு இதுதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை. தொழிலாளி பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%. குடும்பத்துக்கும் மருத்துவம் உண்டு. சென்னையில் கே.கே.நகர், அயனாவரம் ஆஸ்பத்திரிகள், அங்கிருந்து ரெஃபரல் மூலம் ஒப்பந்த ஆஸ்பத்திரிகள்.

நோயாளியே தொழிலாளி என்றால் ரொக்கப் பலனும் உண்டு. 18,000 ரூபாய் சம்பளக்காரரின் தினசரி ஊதியம் 600 என்று வையுங்கள். சாதாரண நோய்ப் பலன் 70%, அதாவது நாளுக்கு 420 ரூபாய், 91 நாள் வரை: 38,220 ரூபாய். அதற்குப் பிறகு, புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட பலன் 80%, அதாவது நாளுக்கு 480 ரூபாய், தகுதி இருந்தால் 2 வருஷம் வரை. இது இருப்பதே தெரியாமல் 91 நாளோடு நிறுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

இங்கே பெரிய பள்ளம் இன்க்ரிமென்ட். நோயாளி மனைவி, கணவரின் இ.எஸ்.ஐ.யில் சிகிச்சை என்று வையுங்கள். ஜூலையில் கணவரின் சம்பளம் 20,400-லிருந்து 22,100 ஆகிறது. பிடித்தம் செப்டம்பர் 30 வரை தொடரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கான பலன் காலம் அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை. ஆக, ஜூன் 30-க்குப் பிறகு இ.எஸ்.ஐ. இல்லை. மனைவிக்கு மறுசீரமைப்பு ஆகஸ்ட்டில் என்றால்? 1,700 ரூபாய் இன்க்ரிமென்ட், ஒரு பெரிய ஆபரேஷன் செலவைத் தலையில் கட்டிவிடும்.

இன்க்ரிமென்ட்டை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. அந்தக் கடிதம் வந்த அன்றே ரெண்டு வேலை செய்யுங்கள். டாக்டரிடம் ஜூன் 30-க்குள் ஆபரேஷன் சாத்தியமா என்று கேளுங்கள். ஹெச்.ஆர். இடம் மனைவியையும் சேர்த்து குரூப் பாலிசி எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருப்பதால், எந்தெந்தப் படி சம்பளத்தில் சேரும் என்ற வரையறையும் மாறுகிறது. உங்கள் ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ. சம்பளம் எவ்வளவு என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கான்ட்ராக்டில் இருப்பவர்கள், பிடித்த பணம் உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்று இ.எஸ்.ஐ. தளத்தில் மாசம் ஒருமுறை பாருங்கள். ஆறு மாசப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் இல்லையென்றால் நோய்ப் பலன் கிடைக்காது.

4. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருஷத்துக்கு 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் திட்ட மையத்தில் கார்டு வாங்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ, சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனையோ, எங்கே சிகிச்சை என்றாலும் முதல் நாளே திட்ட கவுன்டரில் ரெண்டையும் கேளுங்கள்: ரேடியேஷனுக்கு எந்த பேக்கேஜ், பின்னால் வரும் மறுசீரமைப்புக்கு எந்த பேக்கேஜ்.

5. கிரிட்டிகல் இல்னஸ் பாலிசி. நோய் உறுதியானதும் மொத்தப் பணம் தரும், பில் கேட்காது. லீவுக் காலச் சம்பளத்துக்கும், ரயில் செலவுக்கும், உள்ளாடைக்கும் உதவும். ஆனால் பரவாத ஆரம்ப நிலையான 'இன் சிட்டு' வகைக்கு, புற்றுநோய்க்கான நிலையான வரையறைப்படி பணம் கிடையாது. அந்த நிலைக்கும்கூடச் சிலருக்கு மார்பகத்தை எடுக்க நேரும் என்பதை மறக்காதீர்கள்.

வரியில் எல்லோரும் தப்பாகப் போடும் ஒரு கணக்கு

1961 சட்டத்தின் 80டிடிபி பிரிவில், புற்றுநோய் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு. நோயாளி 60 வயதைக் கடந்தவர் என்றால் 1 லட்சம். பழைய வரி முறையில் மட்டும்தான். புற்றுநோய் நிபுணரின் சீட்டு வேண்டும்.

"மொத்தச் செலவு 3 லட்சம், இன்சூரன்ஸ் கொடுத்தது 2,70,000, மிச்சம் 30,000-ஐ 80டிடிபி-யில் போடலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். தப்பு. இன்சூரன்ஸ் கொடுத்த தொகையைச் செலவிலிருந்து கழிக்கக் கூடாது, அனுமதிக்கப்பட்ட கழிவிலிருந்து கழிக்க வேண்டும். 40,000-இல் 2,70,000 கழித்தால் பூஜ்யம். கழிவு இல்லை.

அதனால் வருஷம் பிரிந்து விழுவது இங்கேயும் முக்கியம். இன்சூரன்ஸ் எதுவும் வராமல் நீங்களே கட்டிய வருஷம் எது என்று பாருங்கள். பில்களை நிதியாண்டு வாரியாகப் பிரித்து வையுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறும், ரிட்டர்ன் போடும்போது கவனம்.

பிரிட்ஜ் மேல் காந்தம் போட்டு ஒட்டி வைக்க ஒரு லிஸ்ட்

- முதல் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்: "எனக்கு ரேடியேஷன் வருமா? அப்படின்னா மறுசீரமைப்பு எப்போ, எந்த வகை?" பிளாஸ்டிக் சர்ஜனையும் அப்போதே ஒருமுறை பாருங்கள்.
- பாலிசி ரின்யூவல் தேதி, இ.எஸ்.ஐ. பலன் காலம் முடியும் தேதி, டாக்டர் சொன்ன ஆபரேஷன் மாதம்: மூன்றையும் ஒரே காகிதத்தில் எழுதுங்கள்.
- அந்த மாதம் தாண்டும் வரை வேலை, பாலிசி, இ.எஸ்.ஐ. எதையும் கேட்காமல் விடாதீர்கள்.
- பயாப்சி அறிக்கை, ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, ரேடியேஷன் முடிந்த சான்று: ஒரிஜினலும் ஸ்கேன் காப்பியும் தனி ஃபைலில்.
- சர்ஜன் கடிதத்தில் "புற்றுநோய்க்குப் பிறகான மறுசீரமைப்பு", "ரேடியேஷன் காரணமாகத் தள்ளிவைப்பு" ரெண்டும் இருக்கா என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மறுசீரமைப்பு எல்லோரும் கட்டாயம் செய்ய வேண்டியதில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்து நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு, அதுவும் முழுமையான முடிவுதான். ஆனால் வேண்டும் என்று ஆசைப்பட்ட பெண், பாலிசி அறுந்துபோனதால் "பரவாயில்லை, இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லும் நிலை வரக் கூடாது. அது அவர் எடுத்த முடிவு இல்லையே.

போன மாசம் அக்கா ஆபீஸுக்கு வந்தார். இந்த முறை கேள்வி பொண்ணு காலேஜ் ஃபீஸ், எஜுகேஷன் லோன் பற்றி. கிளம்பும்போது ஹேண்ட்பேக்கை இடது தோளில் மாட்டிக்கொண்டார். நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார். ரெண்டு பேரும் அதைப் பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இந்தப் பதிவை உங்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் இல்லாமல் ஆண்களுக்கும் அனுப்புங்கள், பாலிசி பேப்பர் பெரும்பாலும் அவர்கள் பீரோவில்தான் இருக்கும். இ.எஸ்.ஐ. பங்களிப்பைத் தளத்தில் சரிபார்ப்பது எப்படி என்று அடுத்த வீடியோவில் திரையில் காட்டுகிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.